ஜெயபால் கை வைத்துப் பார்த்த கார்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒரு படகின் எஞ்சின் முரண்டு பிடித்தால், மெக்கானிக்குக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஜெயபாலைத் தேடுவார்கள். அவர் மெக்கானிக் இல்லை, விசைப்படகு டிரைவர். முப்பது வருடமாகக் கடலில் படகு ஓட்டுகிறவர். வந்ததும் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கி, அதன் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள். "மூணாவது இன்ஜெக்டரு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது இன்ஜெக்டராகத்தான் இருக்கும். ஜெயபால் காது வைத்துச் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பது அக்கரைப்பேட்டைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காது போய்ப் பல வருடமாகிறது.

எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு மேலே பலகையைப் போட்டு, அந்தப் பலகைமேல் நின்றபடி முப்பது வருடம் ஓட்டினால் காது என்னத்துக்கு ஆகும்? கொஞ்சங் கொஞ்சமாகக் கழன்று போயிருக்கிறது. கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டு வாயை மூடிக்கொண்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதுவரைக்கும் மனிதர்கள் பேசியதை அவர் காதால் கேட்டிருக்கவில்லை, உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார். கனத்த சத்தமெல்லாம் இப்போதும் வரும். அலை வரும், லாரி வரும், டீசல் எஞ்சின் வரும். மெலிந்த சத்தம்தான் வராது. குக்கர் விசில், செல்போன் மணி, கொசு, பெண்பிள்ளைகளின் குரல், இதெல்லாம் அவரைப் பொறுத்தவரை உலகத்தில் நின்றுபோய்விட்டன.

வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கட்டிய பெண்டாட்டி கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்காத புருஷனை இந்த ஊரில் யார் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள்? "நான் பேசுனா மட்டும் இந்த மனுசனுக்குக் காதுல ஏறாது" என்று காளியம்மாள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடைசிச் சில வருடங்களாக அது நிஜம் என்பது அவளுக்குத் தெரியாது, பாவம்.

அப்படியானால் ஸ்க்ரூடிரைவர் வித்தை எப்படி நடந்தது? பிடியைக் காதில் வைப்பது ஊருக்காக. கூடவே இடது உள்ளங்கையைச் சாதாரணமாக எஞ்சின்மேல் ஊன்றிக்கொள்வார் பாருங்கள், அதுதான் அவருக்காக. டீசல் எஞ்சினுக்கு வரும் சீக்கு முக்கால்வாசி அதிர்வில் தெரிந்துவிடும். முப்பது வருடப் பழக்கத்தில் அவருடைய உள்ளங்கை அதைப் படித்துவிடும். படகிலும் அதே கதைதான். காலடிப் பலகை சொல்வதைப் பாதம் கேட்டுக்கொள்ளும். வயர்லெஸ்ஸை மட்டும் மகன் நிதிஷ் கையில் கொடுத்துவிடுவார். நிதிஷுக்கு இருபத்தேழு வயது, அதே படகில் வலைவேலை பார்க்கிறவன். "நீ பேசு, நாளைக்கு நீயும் டிரைவராவணும்ல" என்பார். மகனைத் தயார் பண்ணுகிறார் என்று ஊர் மெச்சிக்கொண்டது.

படகு அவருடையது இல்லை. விஷயம் தெரிந்த அன்றைக்கே முதலாளி படகை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் காதில் மெஷினோடு வந்து நிற்கிறவனை நம்பிப் படகைக் கடலுக்கு அனுப்ப எந்த முதலாளிக்கு மனசு வரும்? டிரைவர் ஜெயபால் என்பதில் டிரைவரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மகள் பிரதீபாவுக்குக் கார் ஆசை வந்தது.

பிரதீபா திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இருபத்தைந்து வயது. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்த் தொங்கிக்கொண்டு வருகிறவள். மூன்று வருடம் சேர்த்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்குவது என்று முடிவு செய்தாள். அதுவரைக்கும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எந்தக் கார் என்று சொன்னபோதுதான் சிக்கல் வந்தது.

அது ஒரு இத்தாலிக் கம்பெனிக்காரன் செய்த சின்னக் கார். மூக்கில் தேள் சின்னம். நின்றால் ஏதோ ஸ்கூல் பிள்ளையைக் கொண்டுவிடுகிற வண்டி மாதிரி சாதுவாக இருக்கும். மிதித்தால் பந்தயக் கார். அவளுடைய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் அதை வைத்திருந்தார். ஒருநாள் பைபாஸில் அவளை ஓட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அந்த நாலு கிலோமீட்டரில் பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்தக் கம்பெனியோ இந்தியாவில் கடையைக் கட்டிக்கொண்டு போய் வருடங்கள் ஆகின்றன. இனிமேல் கிடைத்தால் பழைய வண்டிதான்.

"தேளப் போயி யாராச்சும் மூஞ்சில ஒட்டிக்குவானா?" என்று காளியம்மாள் ஆரம்பித்தாள்.

நிதிஷ் அவன் பங்குக்கு, "கம்பெனியே ஊர விட்டு ஓடிருச்சு. ஒரு நட்டு போனாலும் இத்தாலிக்கா போவ? பெட்ரோல வேற தண்ணியா குடிக்கும். தெனம் போய் வர்றதுக்கு இதுவா வண்டி?" என்றான்.

"தெனம் போய் வரப் போறது நானு. அம்பது கிலோமீட்டரு. ஊர்ல எல்லாரும் ஒரே வெள்ளக் காரு வச்சிருக்காங்கன்னு நானும் அதையே வாங்கணுமா? எனக்குப் புடிச்சத ஓட்டிட்டுப் போறேனே, ஒங்களுக்கு என்ன?"

ஒற்றைக்காலில் நின்றாள். சும்மா நிற்கவில்லை, விவரத்தோடு நின்றாள். எத்தனை கிலோமீட்டருக்குப் பெல்ட் மாற்ற வேண்டும், வேகத்தடையில் அடி தட்டுமா தட்டாதா, கோயம்புத்தூரில் எந்தக் கடையில் என்ன சாமான் கிடைக்கும் என்றெல்லாம் இரண்டு மாதம் போனில் துருவி எடுத்து வைத்திருந்தாள். கடைசியில் அண்ணனையும் அம்மாவையும் வாயடைக்கிற ஒரு பேச்சைப் பேசினாள்.

"பழைய வண்டின்னா பயமே எஞ்சின்தான். அப்பா காது வச்சுப் பாத்து சரின்னா வாங்குறேன். வேணாம்னு சொன்னாங்கன்னா அந்தப் பேச்சையே விட்டுர்றேன். போதுமா?"

போதும் என்று எல்லோரும் அடங்கினார்கள். ஜெயபால் மட்டும் அடங்கவில்லை.

"போட்டு எஞ்சின் வேறம்மா, காரு எஞ்சின் வேற" என்று நழுவப் பார்த்தார்.

"எஞ்சின் எஞ்சின்தானப்பா."

"ஒரு நல்ல மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போ."

"அவன் யாரோட ஆளுன்னு நமக்கு எப்படித் தெரியும்? எங்கப்பாவ விட வேற யாரு இருக்கா எனக்கு?"

இதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். உதட்டில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு அவருக்குக் கண்ணும் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. கடலுக்குப் போகிறேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்திருந்தது. இரண்டு மாதத்துக்குப் படகுகள் கரையில்தான் கிடக்கும்.

விற்பனைக்கு இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று பேராவூரணியில், இன்னொன்று தஞ்சாவூரில்.

முதலில் அப்பனும் மகளுமாக பஸ் ஏறிப் பேராவூரணிக்குப் போனார்கள். தமிழரசன் என்ற தேங்காய் வியாபாரி வைத்திருந்த வண்டி. சாம்பல் நிறம். தேங்காய்க் கொட்டகைக்குள், மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றது. கதவில் கீறல், சீட்டில் கொப்பரை வாசனை, டிக்கியைத் திறந்தால் நார்த்தூசி.

"வாங்க, வாங்க. பையன் வாங்குன வண்டி. அவன் கனடா போயிட்டான். நான் இதுல ஏறி எறங்குனா இடுப்பு புடிச்சுக்குது. பாத்து எடுத்துக்குங்க" என்றார் தமிழரசன்.

பிரதீபா சாவியைத் திருகினாள். ஜெயபால் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கண்ணை மூடி, கையை வைத்தார். எஞ்சின் கிடுகிடுவென்று நடுங்கியது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

உண்மையில் அந்த வண்டிக்கு ஒன்றுமில்லை. எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் ஒன்று தேய்ந்திருந்தது. அரைநாள் வேலை. தமிழரசனும் அதையே சொன்னார். ஜெயபால் அதை உதட்டில் பார்க்கவும் பார்த்தார். விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான் என்று தள்ளிவிட்டார்.

"சத்தம் சுத்தமா இருக்கேப்பா" என்றாள் பிரதீபா.

"சத்தம் கெடக்கு. ஒடம்பு நடுங்குது பாரு. உள்ள என்னமோ இருக்கு. வேணாம்."

அவளுக்கு அந்த வண்டியைப் பிடித்திருந்தது. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள். தெருமுனை திரும்புகிறவரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனால் அப்பா சொன்ன பிறகு எதிர்ப்பேச்சு பேசவில்லை. பேசியிருக்கலாம். அவள் காது நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் தஞ்சாவூர். புறவழிச்சாலையில் பழைய கார் வாங்கி விற்கிற அப்சர் என்பவரின் இடம். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை, சிவப்புக் கண்ணாடிகள், கழுவித் துடைத்து மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். அப்சர் முப்பத்தைந்து வயதுக்காரர். பழைய கார் வியாபாரி என்றாலே நாம் ஒரு மாதிரி பார்ப்போம், ஆனால் இந்த ஆள் நேர்மையானவர். சர்வீஸ் பில் அத்தனையும் ஒரு ஃபைலில் போட்டு முதலிலேயே பிரதீபா கையில் கொடுத்துவிட்டார்.

பிரதீபா உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஜெயபால் முன்மூடியைத் திறந்து, குனிந்து, ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் வைத்து, கையை ஊன்றினார். தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைத்த மாதிரி இருந்தது. அவள் மெல்ல மிதிக்க மிதிக்க அதிர்வு ஏறியது, ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. இத்தனை நாளாக இறுகிக் கிடந்த அவருடைய நெஞ்சு இளகியது. நல்ல எஞ்சின், ஆண்டவன் காப்பாற்றினான் என்று கண்ணை மூடியபடி நின்றார்.

அந்த நேரத்தில்தான் அப்சர் பக்கத்தில் வந்து, அவரைப் போலவே குனிந்து, எஞ்சினின் பின்பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்:

"அண்ணே, ஒண்ணு சொல்லிர்றேன். டர்போல லேசா ஒரு விசில் வருது, கேக்குதுல்ல? இப்பைக்கு ஓடும். ஆனா என்னைக்கி வேணாலும் கைய விரிச்சிரும். புதுசு கெடைக்கிறது ரொம்பக் கஷ்டம். அதுக்குத்தான் வெலையக் கொறைச்சிருக்கேன். பொண்ணுகிட்டயும் சொல்லிருங்க."

டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற சக்கரம். அந்தக் காருக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. அது தேயும்போது மெலிதாக, கீச்சென்று ஒரு விசில் கிளம்பும். எஞ்சின் பக்கத்தில் குனிந்தால் நல்ல காது உள்ள எவனுக்கும் கேட்கும். உள்ளங்கைக்கு அது எட்டாது.

ஜெயபால் கண்ணைத் திறந்தபோது அப்சரின் வாய் மூடிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லி முடித்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. "என்ன சொன்னீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். இரண்டே இரண்டு வார்த்தை. ஆனால் காதில் பிடியை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கேட்கிற மனுஷன், பக்கத்தில் பேசினவனைப் பார்த்து எப்படி என்ன என்று கேட்பான்? இத்தனை வருடமாகச் செய்துவந்ததையே அப்போதும் செய்தார். நிதானமாக, எல்லாம் புரிந்தவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

"ஒங்களுக்குத் தெரியாததா" என்று அப்சர் மரியாதையாக நகர்ந்துகொண்டார்.

பிரதீபா பக்கக் கதவு வழியாகத் தலையை நீட்டிப் புருவத்தை உயர்த்தினாள். ஜெயபால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பை, அவள் பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணின நாளுக்குப் பிறகு அவர் பார்த்ததில்லை.

அன்றைக்கே ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். வழியெல்லாம் அவள் சாலையைப் பார்த்தபடி என்னவோ பேசிக்கொண்டே வந்தாள். பக்கவாட்டில் உதடு சரியாகத் தெரியாது. அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஒரு மாதம் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு மணிநேரம் பஸ்ஸில் கசங்கிப் போனவள், இப்போது டிஃபன் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினாள். தேள் தேள் என்று கரித்துக் கொட்டிய காளியம்மாள் அதில் ஏறிச் சிக்கல் கோயிலுக்குப் போய்வந்தாள். இறங்கியதும், "நல்லாத்தான் இருக்கு, உக்காந்தா அமுங்குது" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

வைகாசி நடுவில் ஒருநாள் சாயந்திரம், வண்டி வாசலில் வந்து நிற்கும்போது நிதிஷ் காதைத் தேய்த்துக்கொண்டான்.

"என்ன பிரதீபா, ஒன் வண்டி ஊளையிடுது?"

"ஆமாண்ணே, நாலஞ்சு நாளா ஜாஸ்தியா இருக்கு. ஏம்ப்பா, இந்த விசிலு வாங்கும்போதே இருந்துச்சா?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். விசில். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். தஞ்சாவூரில் அப்சரின் வாய் மூடினது நினைவுக்கு வந்தது.

"டர்போ வண்டின்னா அப்படித்தான் வரும்" என்றார்.

எங்கிருந்து அந்தப் பொய் வந்து வாயில் உட்கார்ந்ததோ. பிரதீபா, "கேட்டியாண்ணே" என்று அண்ணனைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு உள்ளே போனாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அப்படியே நம்பினாள். அதுதான் அறுத்தது.

மறுநாள் அவளுக்கு லீவு; அம்மாவும் மகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். ஜெயபால் சாவியை எடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்தார். முன்மூடியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை அங்கே ஊன்றினார், இங்கே ஊன்றினார். வலது காதில் வைத்தார், இடது காதில் வைத்தார். கை வழியாக எஞ்சின் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னது. உள்ளே எட்டி, ஆக்சிலேட்டரைக் கையால் அமுக்கிப் பார்த்தார். சுவரோரம் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. அவர் அமுக்கியதும் அது தலையைத் தூக்கியது. காதை விடைத்துக்கொண்டு நேராக எஞ்சினைப் பார்த்தது. அமுக்குவதை நிறுத்தினார், தலையைப் போட்டுக்கொண்டது. மறுபடி அமுக்கினார், மறுபடி தூக்கியது. மூன்றாவது தடவை எழுந்து போய்விட்டது.

நாய்க்குக் கேட்கிறது. ஜெயபால் வண்டியை அணைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அழுதார். பெற்ற மகள் மூன்று வருடம் பஸ்ஸில் கசங்கிச் சேர்த்த பணத்தை, ஒரு தலையாட்டலில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம் என்று நினைத்து நினைத்து அழுதார்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தார். முதல் தடவை அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. இரண்டாம் தடவை படகு முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். படகுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று, புது வலை வந்தாயிற்று, தடைக்காலம் முடிகிறது, ஜூன் பதினைந்தாம் தேதி விடியும் முன்னே கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, "இந்த சீசன் ஒங்கள நம்பித்தான் டிரைவரே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாம் தடவை ஒரு தடையும் இல்லை. அவளும் எதிரே சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். காரைப் பற்றிச் சொன்னால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதைப் பற்றிச் சொன்னால் பதினைந்தாம் தேதி படகு அவர் இல்லாமல் போகும்.

பதின்மூன்றாம் தேதி காலையில் படகுக்குப் பேட்டரி பார்க்கத் திருவாரூர் போக வேண்டியிருந்தது. "நான் டூட்டிக்குத்தானப்பா போறேன், ஏறுங்க" என்றாள் பிரதீபா.

கீழ்வேளூர் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக அவள் மிதித்தாள். வண்டி சீறிக்கொண்டு பாய்வதற்குப் பதிலாக ஒரு உதறு உதறித் தளர்ந்தது. ஜெயபால் கையை டேஷ்போர்டில் ஊன்றினார். இப்போது அவர் கைக்கும் தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் நீலமாகப் புகை கிளம்பி, பின்னால் சாலையே மறைந்துபோனது. பிரதீபா ஓரமாக ஒதுக்கி நிறுத்தினாள். இரண்டு பக்கமும் வயல் வெடித்துக் கிடந்தது; மேட்டூரில் திறந்த தண்ணீர் இந்தப் பக்கம் எட்ட இன்னும் நாளாகும். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. முன்மூடியைத் தூக்கினால் எண்ணெய் கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது.

அவள் உடனே அப்சருக்குப் போன் போட்டாள். ஜெயபால் வண்டியின் மறுபக்கம் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வண்டி எடுத்து ரெண்டு மாசங்கூட ஆவல. டர்போ போயிருச்சு. ஒரே பொகை. நட்ட நடு ரோட்டுல நிக்கிறேன். இப்படி ஒரு வண்டியத் தலையில கட்டிட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கோபத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடுத்ததாகத் திட்டுவதற்கு வாய் திறந்தே இருந்தது. அந்தப் பக்கம் அப்சர் என்ன சொன்னார் என்பதை யாரும் ஜெயபாலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளின் வாய் மெல்ல மூடுவதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பேராவூரணியில் சத்தம் சுத்தமாக இருக்கிறது என்று அவள் சொன்னதற்கு அவர் சொன்ன பதில், வாசலில் விசிலைப் பற்றிக் கேட்டதற்குச் சொன்ன பதில், எப்போதும் அண்ணன் கையிலேயே இருக்கிற வயர்லெஸ், அம்மாவின் ஓயாத புலம்பல் என்று ஒவ்வொன்றாக அவள் மனசுக்குள் போய்ச் சேருவது அவர் கண்ணுக்கு எதிரிலேயே நடந்தது. ஓடி ஒளிய அந்த வெட்டவெளியில் இடமில்லை.

பிறகு அவள் போனில் பேசினாள். அந்த உதட்டசைவை அவர் தப்பாகப் படித்திருக்க முடியாது.

"ஆமாண்ணா, அப்பா சொன்னாங்க. நாந்தான் பரவால்லன்னு எடுத்தேன். ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

அவள் கத்தியிருந்தால் ஜெயபால் தாங்கியிருப்பார். முன்பின் பழக்கமில்லாத ஒருத்தரிடம், அப்பனின் பேரைக் காப்பாற்றத் தான் ஏமாந்ததையே மறைத்துவிட்டாள்.

"பிரதீபா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவருக்கு நேர் எதிரே, தன் முகத்தில் வெயில் படுகிற பக்கமாகப் பார்த்து நின்றாள். அவர் தோளைத் தொட்டாள். ஆஸ்பத்திரியில் வயசான நோயாளிகளிடம் பேசுவாளே, அந்த மாதிரி வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவரிடம் யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

"வண்டி... போனா... போவுதுப்பா."

அவர் தலையாட்டினார்.

"தலையாட்டாதீங்க. நான் கேக்குறதுக்கு... பதில் சொல்லுங்க. நாளன்னைக்கு... போட்டுல... எத்தன பேரு போறீங்க?"

முழுக் கேள்வியும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் பார்வையை அவர் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"ஒம்பது பேரு" என்றார் ஜெயபால். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே சொன்னார்: "ஒங்க அண்ணனோட சேத்து."